பதின்மூன்று கதிர்கள்

1798 டிசம்பரில் துருக்கி சுல்தானின் தூதர் ஒருவர் நேப்பிள்ஸ் நகரில் வந்து இறங்கினார். சுல்தான் அனுப்பிய பரிசுகளில் ஒன்று, சேபிள் என்ற விலங்கின் மென்மயிரை உள்ளே வைத்துத் தைத்த சிவப்பு மேலங்கி. காயம்பட்ட மாலுமிகளுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொல்லி 2,000 பொற்காசுகளும் உண்டு. மூன்றாவது பரிசு ஒரு தலைப்பாகை நகை. அதைப் பெற்றுக்கொண்டவரோ தலைப்பாகை கட்டுகிறவர் அல்லர். வலது கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்டவர். வலது கண்ணில் பார்வை இல்லை. நெற்றியில் அண்மையில் பட்ட காயத்தின் தழும்பு. பிரிட்டிஷ் கடற்படையின் ரியர் அட்மிரல் ஹொரேஷியோ நெல்சன்; அப்போது வயது 40.

துருக்கியில் அந்த நகைக்குச் செலெங்க் என்று பெயர். போரில் தீரம் காட்டிய வீரர்கள் தலைப்பாகையில் செருகிக்கொள்ளும் இறகு வடிவ அணி அது. சாதாரண வீரனுக்கு வெள்ளியில் கிடைக்கும். நெல்சனுக்கு வந்ததோ சுல்தான் மூன்றாம் செலிமின் சொந்தத் தலைப்பாகைகளில் ஒன்றிலிருந்து எடுத்தது என்று சொல்லி அனுப்பப்பட்டது. முந்நூறுக்கும் மேற்பட்ட வைரங்கள். அடியில் ஒரு பூ முடிச்சு. அதிலிருந்து மேல்நோக்கி விரியும் பதின்மூன்று கதிர்கள். அன்றைக்குப் பார்த்தவர்கள், சிறு குழந்தை விரித்த கையளவு இருந்தது என்று குறித்திருக்கிறார்கள். நடுவில் இருந்த வைர நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒரு கடிகாரப் பொறி ஒளிந்திருந்தது. சாவி கொடுத்தால் நட்சத்திரம் சுழலும். மெழுகுவத்தி வெளிச்சம் நிறைந்த கூடத்தில், தொப்பியின் முன்புறம் அது சுற்றிக்கொண்டே இருந்தால் யார் கண்ணும் வேறு எங்கும் போகாது.

தஞ்சை மராட்டிய மன்னர்களின் ஓவியங்களைப் பார்த்தவர்களுக்கு இப்படி ஒரு அணி புதிதாக இருக்காது. அந்தத் தலைப்பாகைகளின் மேல் நிற்கும் கல்கியும் துராயும் இதே குடும்பம். மத்திய ஆசியாவிலிருந்து துருக்கிக்கும் பாரசீகத்துக்கும் டெல்லிக்கும் தெற்கே நம் அரசவைகளுக்கும் பரவிய வழக்கம் அது: அரசன் தன் தலையில் இருப்பதை எடுத்து இன்னொருவன் தலையில் வைத்தால் அதற்கு மேல் ஒரு மரியாதை கிடையாது. இங்கிலாந்தில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. அங்கே விருது என்பது நெஞ்சில் குத்திக்கொள்வது, கழுத்தில் தொங்கவிடுவது. ஆகவே இந்த நகை கைமாறிய நாளிலேயே தன் சொந்த மொழி புரியாத ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அதன் பிற்காலத்துத் துன்பங்களுக்கெல்லாம் இது ஒரு முக்கியக் காரணம் என்றே நினைக்கிறேன்.

வைரங்களின் பிறப்பிடத்தையும் கொஞ்சம் யோசிக்கலாம். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்கள் திறப்பதற்கு இன்னும் எழுபது ஆண்டுகள் இருந்தன. 18ஆம் நூற்றாண்டின் முதல் கால் பகுதி வரை உலகத்துக்கு வைரம் என்றால் ஏறக்குறைய முழுவதும் இந்தியாதான். கிருஷ்ணா நதிக்கரையின் கொல்லூர் போன்ற சுரங்கங்கள். அதன் பிறகுதான் பிரேசில். இஸ்தான்புல் அரண்மனையின் பழைய இருப்பிலிருந்து வந்த அந்தக் கற்களில் ஒரு பகுதியாவது கோல்கொண்டா வியாபாரிகளின் கைகளைக் கடந்து போயிருக்க வாய்ப்பு மிகுதி.

சுல்தான் எதற்காக இவ்வளவு கொடுத்தார்? 1798 ஜூலையில் நெப்போலியன் எகிப்தில் படையிறக்கினார். எகிப்து அப்போது சுல்தானின் மாகாணம். அவரைக் கேட்காமலே அவர் வீட்டுக்குள் பிரெஞ்சுப் படை புகுந்துவிட்டது. நெப்போலியனின் கண் எகிப்தோடு நிற்கவில்லை. அங்கிருந்து இந்தியாவுக்கு வழி தேடி, மைசூரில் திப்பு சுல்தானோடு கை சேர்த்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் வேரை அறுக்க வேண்டும் என்பது திட்டத்தின் ஒரு பகுதி. திப்புவும் பிரெஞ்சு உதவியை நாடி மொரீஷியஸுக்குத் தூது அனுப்பியிருந்தார். நெப்போலியன் எகிப்திலிருந்து திப்புவுக்கு எழுதிய கடிதம் வழியிலேயே ஆங்கிலேயரிடம் சிக்கியது.

நெல்சனுக்கு இந்தியக் கடற்பரப்பு தெரியாததல்ல. நார்ஃபோக் மாவட்டத்தின் பர்ன்ஹாம் தார்ப் கிராமத்துப் பாதிரியாரின் மகன். பதினோரு பிள்ளைகளில் ஒருவர். பன்னிரண்டு வயதில் தாய்மாமன் மாரிஸ் சக்ளிங்கின் கப்பலில் சேர்ந்தவர். பதினைந்து வயதில் 'சீஹார்ஸ்' கப்பலில் கிழக்கே வந்து 1774இல் சென்னையைப் பார்த்தார். மறு ஆண்டு பிப்ரவரியில், கம்பெனியின் பணத்தோடு பம்பாய்க்குப் போன பயணத்தில் 'சீஹார்ஸ்' மேல் இரண்டு சிறு கப்பல்கள் பாய்ந்தன. அவை திப்புவின் தந்தை ஹைதர் அலியுடையவை. சிறிது நேரப் பீரங்கிச் சண்டைதான். நெல்சன் தன் வாழ்நாளில் கண்ட முதல் போர் அதுவே. அதன்பின் மலேரியா பிடித்து, எலும்பும் தோலுமாக 1776இல் ஊருக்கு அனுப்பப்பட்டார். தந்தையின் கப்பல்களோடு முதல் சண்டை போட்ட பையன், இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து மகனுக்கு வரவிருந்த துணைப்படையின் கப்பல்களை எகிப்தில் அழித்தான். இதை இவ்வளவு நேராகக் கோத்துச் சொல்லும் ஆங்கில நூல்கள் குறைவு. நம் பக்கம் நின்று பார்க்கும்போதுதான் இது கண்ணில் படுகிறது.

1798 ஆகஸ்ட் 1. எகிப்தின் அபூகிர் விரிகுடாவில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் புருயேயின் 13 பெரும் போர்க்கப்பல்கள் கரையை ஒட்டி வரிசையாக நங்கூரமிட்டிருந்தன. கரைப்பக்கம் ஆழமில்லை, எதிரி வர முடியாது என்று அந்தப் பக்கத்துப் பீரங்கிகளைத் தயார் செய்யாமல் விட்டிருந்தார்கள். பொழுது சாயும் நேரம். பொதுவாக அந்த நேரத்தில் எந்தத் தளபதியும் போரைத் தொடங்கமாட்டான். தெரியாத கடலடி, வரைபடமும் சரியில்லை. நெல்சன் காத்திருக்கவில்லை. முன்னால் போன 'கோலியாத்' கப்பலின் கேப்டன் ஃபோலி, நங்கூரத்தில் நிற்கும் கப்பல் சுழல்வதற்கு இடம் இருக்கிறதென்றால் இன்னொரு கப்பல் போகவும் இடம் இருக்கும் என்று கணக்குப் போட்டு, பிரெஞ்சு வரிசைக்கும் கரைக்கும் நடுவே புகுந்தார். பின்னால் மேலும் சில கப்பல்கள் புகுந்தன. இருபுறமும் அடி. இரவு பத்து மணி வாக்கில் பிரெஞ்சுத் தலைமைக் கப்பல் 'லோரியான்' வெடிமருந்து அறை தீப்பிடித்து வெடித்தது. வெடித்த பிறகு சிறிது நேரம் இரு பக்கத்துப் பீரங்கிகளும் ஓய்ந்தன என்று அங்கே இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். விடிந்தபோது பிரெஞ்சுப் பெருங்கப்பல்களில் 11 பிடிபட்டோ அழிந்தோ போயிருந்தன; இரண்டு தப்பின. இன்னும் இரண்டு சிறிய போர்க்கப்பல்களும் அழிந்தன. செலெங்கின் பதின்மூன்று கதிர்கள் இந்தப் பதின்மூன்றைக் குறித்தன. ஆங்கிலேயர் பக்கம் சாவு இருநூற்றுக்குச் சற்று மேல், காயம் அறுநூற்றுக்கு மேல். பிரெஞ்சுப் பக்கம் ஆயிரக்கணக்கில். நெல்சனின் நெற்றித்தோல் கிழிந்து நல்ல கண்ணின் மேல் தொங்க, தான் சாகப்போவதாகவே அவர் நம்பினார்.

வெற்றிச் செய்தியை லண்டனுக்கு மட்டுமல்ல, இந்தியாவுக்கும் உடனே அனுப்பினார். லெப்டினன்ட் டுவால் என்ற அதிகாரி அலெப்போ, பாக்தாத், பாஸ்ரா வழியாகத் தரைமார்க்கமாக வந்து அக்டோபரில் பம்பாய் சேர்ந்தார். பிரெஞ்சுக் கப்பல்கள் இனி வரப்போவதில்லை என்ற தகவல் கம்பெனிக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: நெல்சனுக்குக் கம்பெனி 10,000 பவுண்டு வெகுமதி அறிவித்தது. அவர் சொந்த நாட்டு அரசு கொடுத்த ஓய்வூதியம் ஆண்டுக்கு 2,000. கம்பெனிப் பணத்தில் 2,000 பவுண்டை அவர் தந்தைக்கும் உடன்பிறந்தோருக்கும் பிரித்துக் கொடுத்தார். எங்கள் நிலத்தின் வரிப்பணத்தில் பெருகிய கருவூலம் அது என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு கோட்டை வாசலில் போரிட்டு மாண்டார். உதவிக்கு யாரும் வரவில்லை; வரக்கூடியவர்களின் கப்பல்கள் அபூகிரிலேயே அழிந்தோ பிடிபட்டோ போயிருந்தன. அதே ஆண்டு அக்டோபரில் தஞ்சையின் ஆட்சி இரண்டாம் சரபோஜியின் கையிலிருந்து கம்பெனிக்குப் போனது. பின்னாளில் நெப்போலியன் வீழ்ந்தபோது சரபோஜி சேதுபாவாசத்திரம் கடற்கரையில் மனோரா கோபுரத்தை எழுப்பினார். நைல் போர் என்று பெயர் பெற்ற அந்த அபூகிர்ச் சண்டையின் அலை அவ்வளவு தொலைவு அடித்தது.

போரில் வென்றவர்களுக்கு என்ன கிடைத்தது? கடற்படைத் தங்கப் பதக்கம் என்று ஒன்று 1790களில் ஏற்படுத்தப்பட்டிருந்தது. அட்மிரல்களுக்குப் பெரியது, கேப்டன்களுக்குச் சிறியது. அதற்குக் கீழே இருந்த யாருக்கும் அரசு எதுவும் தருவதில்லை. பீரங்கிக்கு மருந்து சுமந்த பையன்கள், பாய்மரம் ஏறியவர்கள், காலை இழந்தவர்கள் எவருக்கும் ஒரு பித்தளைத் துண்டு கூட இல்லை. இந்தக் குறையைத் தீர்த்தவர் ஒரு வியாபாரி: நெல்சனின் நண்பரும், பிடித்த கப்பல்களை விற்றுப் பணத்தைப் பிரிக்கும் முகவருமான அலெக்ஸாண்டர் டேவிசன். பர்மிங்காமில் மேத்யூ போல்டனின் சோஹோ நாணயச்சாலையில் தன் செலவில் பதக்கம் அடிக்கச் செய்தார். அட்மிரலுக்கும் கேப்டன்களுக்கும் தங்கம், லெப்டினன்ட்களுக்கு வெள்ளி, அடுத்த நிலையாளர்களுக்கு முலாம் பூசிய செம்பு, மாலுமிகளுக்கு வெண்கலம். நைலில் போரிட்ட ஒவ்வொருவனுக்கும் ஒன்று. உலோகத்தில் தரம் பிரித்தாலும் படம் எல்லோருக்கும் ஒரே படம்.

நெல்சனுக்கு விருதின் மேல் இருந்த ஆசை மறைவானதல்ல. அவர் மறைக்கவும் முயலவில்லை. 1797 பிப்ரவரியில் செயின்ட் வின்சென்ட் முனைப் போருக்குப் பிறகு பரம்பரைப் பட்டம் ஒன்று வரும் என்று தெரிந்தபோது, அது வேண்டாம், பாத் விருதுதான் வேண்டும் என்று தெரியப்படுத்தினார். பரம்பரைப் பட்டம் பெயருக்கு முன்னால் வரும் ஒரு சொல். பாத் விருதுக்கு நெஞ்சில் நட்சத்திரமும் சிவப்பு நாடாவும் உண்டு. பார்க்கிறவர் கண்ணில் படும். அதே ஆண்டு ஜூலையில் டெனரீஃப் தாக்குதலில் கை போயிற்று. கண்பார்வை அதற்கு முன்பே 1794இல் கோர்சிகாவின் கால்வியில் போயிருந்தது. தன் உடம்பைக் கொடுத்து வாங்கியவற்றைத்தான் அவர் அணிந்துகொண்டார். இதை அகந்தை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உயர்குடியினர் நிறைந்த அந்தக் கடற்படையில் ஒரு கிராமத்துப் பாதிரியார் மகனுக்கு, நெஞ்சில் மின்னும் நட்சத்திரம் பதில் சொல்லும் கருவி.

செலெங்கைத் தொப்பியில் குத்திக்கொண்டார். வெளிநாட்டு மரியாதையை அணிய அரசரின் உத்தரவு வேண்டும். 1799இல் அது கிடைத்தது. முஸ்லிம் அல்லாத ஒருவருக்கு செலெங்க் கிடைத்தது அதுவே முதல் முறை. அதே ஆண்டு சுல்தான் பிறை விருது என்று புதிதாக ஒன்றை ஏற்படுத்தி அதன் முதல் வீரராக நெல்சனையே நியமித்தார். பலெர்மோவில் லியோனார்டோ குஸ்ஸார்டி வரைந்த படத்தில் வெளுத்து, வாடி, நோயாளி போல நிற்கிறார் நெல்சன். நெற்றிக்காயம் உறுத்தாமலிருக்கத் தொப்பி பின்னால் தள்ளியிருக்கிறது. அதன் முன்புறம் செலெங்க். அவரை உள்ளபடி காட்டிய படம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். லெமுவல் அபட் லண்டனில் வரைந்த படம்தான் புகழ்பெற்றது. அதிலும் தொப்பியில் செலெங்க் இருக்கிறது.

அவருடைய குடும்பச் சின்னத்திலும் நகை ஏறியது. நைல் பிரபு என்ற பட்டத்தோடு வந்த கேடயத்தின் மேல், கப்பற்படை முடிக்கு மேலே செலெங்க் நிற்கும்படி வரைந்தார்கள். ஆங்கிலப் பிரபுக் குடும்பமொன்றின் உச்சியில் ஒட்டோமான் தலைப்பாகை நகை.

அந்த நகை தொப்பியில் இருந்த முதல் ஆண்டு அவர் வாழ்க்கையின் கறை படிந்த ஆண்டும்கூட. பிரெஞ்சுப் படை நெருங்கியதால் 1798 டிசம்பரிலேயே நேப்பிள்ஸ் அரச குடும்பத்தைக் கப்பலில் ஏற்றி, கடும்புயலில் பலெர்மோவுக்குக் கொண்டுபோனார். அரசரின் குழந்தைகளில் ஒன்று அந்தப் பயணத்தில், பின்னாளில் நெல்சனின் காதலியான எம்மா ஹாமில்டனின் கைகளில் இறந்தது. 1799 ஜூனில் நேப்பிள்ஸ் திரும்பியபோது, பிரெஞ்சு ஆதரவு பெற்ற குடியரசுக் கட்சியார் கோட்டைகளை ஒப்படைக்கச் செய்துகொண்ட உடன்படிக்கையை ஏற்க மறுத்தார். அவர்கள் பக்கம் சேர்ந்திருந்த கடற்படைத் தலைவர் கராச்சோலோவை ஒரே நாளில் விசாரித்துக் கப்பலின் பாய்மரக் குறுக்குக் கட்டையில் தூக்கிலிட வைத்தார். தன்னைச் சுட்டுக் கொல்லுங்கள், தூக்கில் வேண்டாம் என்று அவர் கேட்டதும் ஏற்கப்படவில்லை. பின்னர் நகரமெங்கும் நடந்த தூக்குகளுக்குக் கணக்கு நீளம். இதற்கெல்லாம் நன்றியாக அரசர் ஃபெர்டினாண்ட் அவருக்குச் சிசிலியில் புரோண்டே என்ற சிற்றரசையும் வைரம் பதித்த வாளையும் கொடுத்தார். நைலில் கிடைத்ததும் நேப்பிள்ஸில் கிடைத்ததும் ஒரே நெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் மின்னின. பார்த்தவர்களுக்கு எது எதற்கு என்று பிரித்தறிய வழியில்லை.

1800இல் லிவோர்னோவில் அவரைப் பார்த்த தளபதி ஜான் மூர், நட்சத்திரமும் நாடாவும் பதக்கமுமாக நாடகத்து இளவரசன் போல இருக்கிறார் என்று வருத்தத்தோடு தன் குறிப்பில் எழுதிவைத்தார். நவம்பரில் லண்டன் அரசவைக்கு எல்லா விருதுகளோடும் போனார். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் உடம்பு எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் திரும்பி வேறு ஒருவரோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். எம்மாவோடு இருந்த உறவும் ஒரு காரணம்; வேற்றரசர்களின் நகைகளைத் தன் முன்னால் அணிந்து வந்ததும் ஒரு காரணம். 1801 ஏப்ரலில் கோபன்ஹேகனில் வென்றார். அதற்குப் பதக்கமே அடிக்கப்படவில்லை. தனக்கு மட்டுமல்ல, தன் கேப்டன்களுக்கும் கிடைக்கவில்லையே என்ற கசப்பு கடைசிவரை இருந்தது.

1805 அக்டோபர் 21, டிரஃபால்கர் கடற்போர். அன்று அணிந்திருந்த மேலங்கியில் நான்கு நட்சத்திரங்கள் இருந்தன. உண்மையான நகைகள் அல்ல, ஜிகினா வைத்துத் துணியில் தைத்தவை. பாத், நேப்பிள்ஸின் செயின்ட் ஃபெர்டினாண்ட், சுல்தானின் பிறை, ஜெர்மனியின் செயின்ட் ஜோவாகிம். அவற்றை மூடச் சொல்லலாமா என்று கூட இருந்தவர்கள் தயங்கினார்கள். பிற்பகல் ஒன்றேகால் மணி வாக்கில் பிரெஞ்சு 'ரெதூதாப்ள்' கப்பலின் பாய்மர மேடையிலிருந்து வந்த குண்டு இடது தோளில் நுழைந்தது. நான்கரை மணிக்கு உயிர் பிரிந்தது. அவர் உடலை வைத்த பெட்டியும் நைலிலிருந்து வந்ததுதான். வெடித்த 'லோரியான்' கப்பலின் நடுப்பாய்மரத் துண்டில் சவப்பெட்டி செய்து கேப்டன் ஹாலோவெல் பரிசாக அனுப்பியிருந்தார். நெல்சன் அதைத் தன் அறையில் நிறுத்தி வைத்திருந்தார். இன்றும் அது செயின்ட் பால் பேராலயத்தின் நிலவறையில் இருக்கிறது.

அதன் பிறகு நடந்தவை சொத்துக் கதைகள். எம்மாவையும் மகள் ஹொரேஷியாவையும் நாட்டின் பொறுப்பில் விடுவதாகப் போர் தொடங்கும் முன் நெல்சன் எழுதியிருந்தார். நாடு அதைக் கேட்கவில்லை. அண்ணன் வில்லியமுக்கு ஏர்ல் பட்டமும், பெரும் பண்ணை வாங்கப் பணமும், பரம்பரையாக ஆண்டுக்கு 5,000 பவுண்டும் கிடைத்தன. அந்த உதவித்தொகை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தொடர்ந்தது. எம்மா 1815 ஜனவரியில் கலேயில் வறுமையில் இறந்தார். டிரஃபால்கர் மேலங்கியை அதற்கு முன்பே கடனுக்காகக் கொடுத்துவிட்டிருந்தார். 1845இல் அதை இளவரசர் ஆல்பர்ட் வாங்கிக் கிரீனிச் மருத்துவமனைக்குத் தந்தார்.

செலெங்க் வில்லியமிடம் போய், அவர் 1835இல் இறந்தபின் மகள் சார்லட்டிடம், அவர் வழியாகப் பிரிட்போர்ட் குடும்பத்திடம் வந்தது. 1895இல் பிரிட்போர்ட் பிரபு நெல்சன் நினைவுப் பொருள்களைக் கிறிஸ்டீஸ் ஏலத்தில் விட்டார். செலெங்கை வாங்கியது நெல்சனின் தங்கை கேத்தரின் வழிவந்த அயர்-மேட்சம் குடும்பம். கேத்தரினின் கணவர் ஜார்ஜ் மேட்சமும் இந்தியாவில், புரோச் நகரில், கம்பெனி அதிகாரியாக இருந்தவர். ஏலத்துக்கு வந்த பதக்கங்கள் சிலவற்றை அரசு கிரீனிச்சுக்காக வாங்கியது. 1900இல் ஒரு திருடன் அங்கேயிருந்த வண்ணக்கூடத்தில் புகுந்து தங்கப் பொருள்களையும் நெல்சனின் கடிகாரத்தையும் கொண்டுபோனான். கடிகாரம் மீண்டது, தங்கத்தில் பெரும்பகுதி உருக்கப்பட்டுவிட்டிருந்தது. இந்த எச்சரிக்கை யாருக்கும் உறைக்கவில்லை.

1929இல் கப்பலியல் ஆய்வுக் கழகம் நன்கொடை திரட்டி செலெங்கை நாட்டுக்காக வாங்கியது. 1937இல் திறக்கப்பட்ட கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் அது காட்சிக்கு வந்தது. போரில் குண்டுகள் விழுந்த லண்டனில் பிழைத்த நகை, 1951 ஜூனில் ஒரு மனிதனிடம் தோற்றது. ஜார்ஜ் சாத்தம்: லண்டன் பணக்கார வீடுகளின் கூரை ஏறித் திருடுவதில் பேர்போனவர். 1948இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் புகுந்து வெலிங்டன் பிரபுவின் ரத்தின வாள்களை எடுத்தவரும் அவரே. இரவில் ஜன்னல் வழியாக ஏறி வந்து, கண்ணாடிப் பெட்டியிலிருந்து செலெங்கை எடுத்துப் போனார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் யார் என்று உறுதியாகத் தெரியவில்லை. 1994இல், முதுமையில், தொலைக்காட்சியில் தானே ஒப்புக்கொண்டார்: பிரித்துக் கற்களைச் சில ஆயிரம் பவுண்டுக்கு விற்றுவிட்டதாக. சூதாட்டத்தில் காசை அழித்தவர், 1997இல் இறந்தார்.

இதில் என்னை அதிகம் வருத்துவது திருட்டு அல்ல, பிரித்ததுதான். முழு நகையை யாரும் வாங்கமாட்டார்கள். உலகமே அறிந்த பொருள். அதனால் திருடனுக்கு அது முந்நூறு கற்களும் கொஞ்சம் வெள்ளியுமாகத்தான் தெரிய முடியும். பழைய வெட்டுக் கற்களை மறுபடி பட்டை தீட்டினால் எந்த நிபுணராலும் அடையாளம் காண முடியாது. அவற்றில் சில இன்றும் யாரோ ஒருவர் மோதிரத்தில், காதில் இருக்கக்கூடும். சுழலும் நட்சத்திரத்தின் கடிகாரப் பொறிக்கு எவ்வளவு விலை கிடைத்திருக்கும்? ஒன்றும் இல்லை. அந்த நகையில் மனிதக் கை வேலையின் உச்சம் அந்தப் பொறிதான். முதலில் குப்பைக்குப் போனதும் அதுவாகத்தான் இருக்கும்.

2017இல் மார்ட்டின் டவுனர் என்ற ஆய்வாளர் செலெங்கைப் பற்றி முழு நூல் எழுதினார். அதையொட்டிப் பழைய வரைபடங்களையும் ஆவணங்களையும் வைத்து லண்டன் நகைக்கலைஞர்கள் ஒரு பிரதி செய்தார்கள். பொறியோடு, சுழலும் நட்சத்திரத்தோடு. அது போர்ட்ஸ்மத் அரசுக் கடற்படை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. நல்ல முயற்சி. வடிவம் எப்படி ஒளிர்ந்தது என்று கண்ணால் காண இன்று வேறு வழியில்லை.

மாலுமிகளுக்கு அரசு கடைசியில் ஒரு பதக்கம் அறிவித்தது 1847இல், நைல் நடந்து 49 ஆண்டுகள் கழித்து. உயிரோடு இருந்து விண்ணப்பித்தவர்களுக்கு மட்டும். பெரும்பாலோர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் வீடுகளில் இருந்தது டேவிசன் தந்த வெண்கலம் மட்டுமே. உருக்கினால் காசு வராத உலோகம். எந்தத் திருடனும் அதற்காகச் சுவர் ஏறவில்லை. அவை நூற்றுக்கணக்கில் தப்பி, இன்றும் பிரிட்டிஷ் ஏலக்கூடங்களுக்கு வருகின்றன. எழுத்தறிந்த மாலுமிகள் சிலர் தம் பெயரையும் கப்பலின் பெயரையும் பதக்கத்தின் வெற்றிடத்தில் ஊசியால் கீறி வைத்திருக்கிறார்கள். அப்படிக் கீறல் உள்ள வெண்கலத்துக்குச் சேகரிப்பாளர்கள், சுத்தமாக இருக்கும் வெண்கலத்தைவிடக் கூடுதல் விலை தருகிறார்கள்.